ஒருமுறை மட்டுமே சொல்லும் மனிதர்கள்

சுவிஸில் எங்கள் கூர் நகரத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலரில் வருடம் ஒரு நாட்டைப் பற்றிப் போடுகிறார்கள். இந்த முறை பின்லாந்து. மலருக்குப் பொறுப்பான சிந்துஜா ரீச்சர் கோயில் மண்டபத்தில் என்னைப் பிடித்துவிட்டார். இங்கே பிறந்த பிள்ளை. ஆனாலும் தமிழை அழகாகப் பேசுவார்.

"அங்கிள், உங்களைத் தவிர இஞ்ச ஒருத்தரும் பின்லாந்துக்குப் போகேல்லை. நாடும் மக்களும் எண்டு பொதுவா ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ."

"ரெண்டு பக்கத்தில நான் என்ர பேரைத்தான் பிள்ளை எழுதி முடிப்பன்."

"அப்ப கூட எழுதுங்கோ. போனில தட்டினா வாறதை மட்டும் எழுதாதேங்கோ."

போனில் தட்டினால் வருவதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பின்லாந்து ஐரோப்பாவின் வடக்கு முனையில், சுவீடனுக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் இருக்கிறது. நெடுங்காலம் சுவீடனின் கீழும் பிறகு ரஷ்யாவின் கீழும் இருந்து, பிறகு சொந்தக் காலில் நின்ற நாடு. எங்கே பார்த்தாலும் காடு, காட்டுக்குள் ஏரி. கோடையில் சூரியன் மறைய மனமில்லாமல் நிற்கும், மாரியில் எழும்ப மனமில்லாமல் கிடக்கும். சனம் குறைவு. கோப்பி குடிப்பதில் அவர்களை வெல்ல ஆளில்லை. நாட்டைப் பற்றி இது போதும்.

மக்களைப் பற்றித்தான் எனக்கு எழுத இருக்கிறது. ஒரு பின்லாந்துப் பெண்ணின் கீழ் பல வருடம் வேலை செய்தேன். அந்த மக்களைப் பற்றி நான் அறிந்ததில் முக்கால்வாசியும் அவரிடம் அறிந்ததுதான். ஒருவரை வைத்து ஒரு நாட்டையே சொல்லலாமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். எனக்கு அது போதும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பதுகளில் வெறுங்கையோடு இந்த நாட்டுக்கு வந்தவன் நான். அரோசா மலையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன், உருளைக்கிழங்கு உரித்தேன், பிறகு அங்கேயே விரிப்புகள் தோய்க்கும் அறைக்குப் போனேன். யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. மெஷின் போடும் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன பிழை என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். கூரில் ஒரு பெரிய முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த அறையில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. இன்றைக்கும் இந்தக் கன்டோனில், இந்த மாகாணம் முழுவதிலும், என்னைப் போல ஒரு சட்டையை மடிக்கிறவனைக் கொண்டுவந்து காட்டுங்கள், நான் பேசாமல் இருக்கிறேன்.

ஹோட்டல் சலவையும் முதியோர் இல்லச் சலவையும் ஒன்றல்ல. ஹோட்டலில் விரிப்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இல்லத்தில் ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவருக்கு மற்றதெல்லாம் மறந்திருக்கும், தன் நீலக் கம்பளிச் சட்டை மட்டும் மறக்காது. அதனால் உடுப்புகளின் கழுத்துக்கு உள்ளே பெயர்த்துண்டைச் சூட்டில் அழுத்தி ஒட்டுவோம். அழுக்கு வரும் கதவு வேறு, சுத்தம் போகும் கதவு வேறு. ஒரு பக்கத்தில் நிற்பவர் கை கழுவி மேலங்கி மாற்றாமல் மற்றப் பக்கம் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதல், உடுப்புகளின் பைகளைப் பார்க்க வேண்டும். அந்தப் பைகளில் பல் கட்டு இருக்கும், காது கேட்கும் கருவி இருக்கும், பாதி தின்ற சாக்லேட் இருக்கும், கலியாண மோதிரமும் இருக்கும். எல்லாவற்றிலும் மோசம் மூக்குத் துடைக்கும் கடுதாசி. ஒரே ஒரு கடுதாசி கறுப்பு உடுப்புகளோடு உள்ளே போய்விட்டால், அன்றைய வேலை முழுவதும் பனி கொட்டியது போல வெளியே வரும்.

கைசா எங்கள் இல்லத்தின் பராமரிப்புப் பகுதிக்குத் தலைமையாக வந்தது இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில். துப்புரவு, சாப்பாட்டு மேசை, சலவை எல்லாம் அவர் கையில். உயரமான பெண். வெளிறிய தலைமயிரைக் காதளவில் வெட்டியிருப்பார். வேலைக்கு வந்த முதல் நாள் சலவை அறைக்கு வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நான் கைசா. என்னைக் கைசா என்று கூப்பிடுங்கள்" என்றார். அவ்வளவுதான் அறிமுகம். சுவிஸ்காரர்களிடம் மரியாதைக்கு 'நீங்கள்' போடப் பழகிய எங்களுக்கு, ஒரு தலைமையை வெறும் பெயரால் அழைப்பது நாக்கில் ஏறவில்லை. பின்லாந்தில் மந்திரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். நாங்கள் கடைசிவரை "செஃபின்", ஜெர்மனில் தலைவி, என்றுதான் அழைத்தோம்.

அவர் என்னுடைய பெயரைக் கேட்டார். எல்லோரும் சொல்வது போல "சிவா" என்றேன்.

"முழுப் பெயர்?"

"சிவபாதசுந்தரம்."

இரண்டு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். மறுநாள் காலை பிழையில்லாமல் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார். இந்த நாட்டில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். அவர்களுடைய மொழியிலும் சொற்கள் ரயில் பெட்டி போல நீளமாம்.

முதல் வாரமே பைகளைப் பார்க்கும் முறையை மாற்றினார். பையைத் தடவிப் பார்த்தால் போதாது, முழுதாக வெளியே இழுத்துவிட வேண்டும். இழுத்துவிட்டதைத் திரும்ப உள்ளே தள்ளாமல் அப்படியே மெஷினுக்குள் போட வேண்டும். பை வெளியே தொங்கினால் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், தொங்காவிட்டால் பார்க்கவில்லை. இதைச் சொல்ல அவர் எடுத்தது இரண்டு வசனம். அதற்குப் பிறகு பல் கட்டு ஒன்றுகூட எங்கள் மெஷினுக்குள் உருளவில்லை.

அவர் பரிசோதிப்பதையும் சொல்ல வேண்டும். மடித்து அடுக்கிய துவாய்களின் மேல் உள்ளங்கையை வைக்க மாட்டார், புறங்கையை வைப்பார். ஈரம் இருந்தால் புறங்கைக்குத்தான் தெரியுமாம். இருந்தால், "இது ஈரம்" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அடுக்குக்குப் போவார். இத்தனை வருடத்தில் "நல்லது" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. என்னுடைய மடிப்புக்கு அரோசாவில் ஹோட்டல் முதலாளியே கைதட்டியிருக்கிறார். ஆகவே ஆரம்பத்தில் எனக்குள் புகைந்தது.

எங்களோடு வேலை செய்த பவளத்திடம் ஒருநாள் சொன்னேன்: "உவ என்ன மனிசி? வாயில என்ன, கோப்பிதான் போகுமோ, சொல் ஒண்டும் வராதோ?"

பவளம் சிரித்தார். "பிழை எண்டா சொல்லுறாதானே அண்ணை. சொல்லாட்டி சரியெண்டு எடுங்கோவன்."

பவளம் கலியாணம் கட்டி இங்கே வந்தவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்துச் சோதனையும் பாஸ் பண்ணியவர். மெஷின் பழுதானால் மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்பது அவர்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுவார். நான் சொல்லாததையும் சேர்த்து எழுதுவார். அது எனக்கு வசதியாக இருந்தது.

கைசா வந்த அந்த வருடம் மே மாதம், ஊரில் யுத்தம் முடிந்தபோது, எங்கள் ஆட்களுக்கு எப்படி இருந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. தொலைபேசியும் தொலைக்காட்சியுமாக இருந்தோம். என்னுடைய தம்பி குடும்பத்தைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. வேலைக்குப் போனால் எல்லோரும் கேட்டார்கள். "உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது?" "உன் ஆட்கள் பத்திரமா?" நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு முட்டியது.

கைசா கேட்கவில்லை. ஒரு மத்தியானம், பெரிய விரிப்புகள் மடிக்கும் நேரத்தில் சலவை அறைக்கு வந்தார். என்னோடு மற்ற முனையைப் பிடித்த ஆளை வேறு வேலைக்கு அனுப்பினார். அந்த முனையைத் தானே பிடித்தார். நான்கு முனையும் சேர, நடுவில் சந்தித்து, திரும்பப் பின்னால் போய், அடுத்த விரிப்பை எடுப்பது. வேலை முடியும்வரை ஒரு சொல் கதைக்கவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று சேதி வந்த அன்று அவரிடம் சொன்னேன். காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே "யோ" என்றார். அது அவர்களுடைய 'ஓம்'. நாங்கள் மூச்சை வெளியே விட்டுச் சொல்வதை அவர்கள் சில நேரம் உள்ளே இழுத்துச் சொல்வார்கள். அடுத்த நாள் விரிப்பு மடிக்க வரவில்லை.

பின்லாந்து மக்களின் முதலாவது குணம் இதுதான். அடுத்தவருடைய துக்கத்துக்குள் கதவைத் தட்டாமல் நுழைய மாட்டார்கள். கதவையும் தட்ட மாட்டார்கள். வெளியே நிற்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது குணம், ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்வார்கள், சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வேண்டாம் என்றால் மூன்று முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதல் முறை மறுப்பதுதான் மரியாதை. கைசாவிடம் அப்படி மறுத்துக் கோப்பியே கிடைக்காமல் போன நாட்கள் எனக்கு நிறைய இருக்கின்றன.

இந்த இடத்தில் என் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டைச் சொல்லியாக வேண்டும். மண்டபம் எடுத்து, சூரிச்சிலிருந்து அலங்காரக்காரர்களைக் கூப்பிட்டு, ஊரெல்லாம் சொல்லியிருந்தோம். ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்திய நாள் வேலையில் இரண்டு பேர் சுகமில்லாமல் நின்றுவிட்டார்கள். கைசா என்னிடம் வந்து, "சிவபாதசுந்தரம், நாளைக்குக் காலை வர முடியுமா?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். தலைமை நேரில் வந்து கேட்டால் இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. காலை முழுவதும் துவாய் மடித்துவிட்டு, சலவைப் பவுடர் மணக்க மண்டபத்துக்கு ஓடினேன். அல்பத்தின் முதல் பக்கங்களில் பிள்ளையின் அப்பா இல்லை. என்னுடைய மனிசி இன்றைக்கும் அதைத் திறந்து காட்டுவார்.

திங்கட்கிழமை பவளம் வாய்தவறிச் சொல்ல, கைசாவுக்குத் தெரிந்துவிட்டது. நேராக என்னிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"உன் மகளின் விழாவா? ஏன் இல்லை என்று சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்டீர்கள்."

"இல்லை என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் கேட்பது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் எங்களில் யாரிடமும் நேரில் எதையும் கேட்டதில்லை. "சனிக்கிழமை ஒருவர் தேவை. முடிந்தவர் என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். அவருடைய அறைக் கதவு திறந்திருக்கும். வருகிறவர் வரலாம், வராதவரிடம் காரணம் கேட்பதில்லை. நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். இந்த மனிசி என்னை இனிமேல் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

வருடங்கள் ஓடின. கைசாவின் அப்பாவுக்கு இயலாமல் போய், அவர் ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தார். ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதைச் சொன்னார். தனக்குப் பிறகு சலவைப் பகுதிக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர் வருவார், இங்கே வேலை செய்பவர்களில் ஒருவர் வந்தால் நல்லது, தேவையான குறுகிய படிப்பை இல்லமே படிப்பிக்கும் என்றார்.

"விருப்பமுள்ளவர் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் வந்து சொல்லுங்கள். கதவு திறந்திருக்கும்."

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பது? அந்த அறையில் மெஷினுக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். இப்போது ஒளிக்காமல் எழுதுகிறேன். பசி போல வேண்டியிருந்தது. கோப்பை கழுவ வந்தவன் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளனாகி, நெஞ்சில் பெயர் குத்திக்கொண்டு வேலையை முடிக்க வேண்டும் என்று அரோசா மலையில் இருந்தபோதே நினைத்தவன் நான்.

ஆனால் போகவில்லை.

எங்கள் ஆட்களின் வழக்கத்தை நான் விளக்கத் தேவையில்லை. கலியாணமென்றால் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். என் சொந்த மச்சான் மகனின் கலியாணத்துக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினார்கள் என்பதற்காக நான் போகவில்லை. மனிசி மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். எனக்குரிய மரியாதையை நான் போய்க் கேட்டு வாங்குவதில்லை. கைசாவுக்கு என் கை தெரியும். இந்தப் பொறுப்பு என்னுடையது என்று அவர் நினைத்தால், மேல் மாடியிலிருந்து கீழே வந்து, என் பெயரைச் சொல்லி, "நீ எடுத்துக்கொள்" என்று சொல்லட்டும். அப்படித்தான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பவளம் கேட்டார். "அண்ணை, போய்ச் சொல்லியாச்சோ?"

"நான் என்னத்துக்குப் போய்ச் சொல்லோணும்? இவ்வளவு வருசம் பாத்தவ. அவவுக்குத் தெரியாதோ?"

"அவ அப்பிடிக் கேக்கமாட்டா அண்ணை. அவையின்ர பழக்கம் வேற."

"கேக்காட்டி விருப்பமில்லை எண்டு அர்த்தம். விருப்பமில்லாத ஆளிட்டைப் போய் நான் கெஞ்சோணுமோ?"

பவளம் எதுவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனிசி விடவில்லை. "இஞ்சாருங்கோ, அவ என்ன வெத்திலைத் தட்டோட வந்து நிப்பா எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியளோ? ஊருக்கெல்லாம் உங்கட புளுகு கேக்குது. கேக்கவேண்டிய ஆளுக்கு மட்டும் கேக்கேல்லை."

உண்மைதான். கடையில், கோயிலில், பஸ்ஸில் என்னைப் பற்றி நான் சொல்லாத இடமில்லை. அந்தத் திறந்த கதவைக் கடந்து ஒரு வாரமாக மேலும் கீழும் போனேன். ஒவ்வொரு முறையும் உள்ளே வெளிச்சம் இருந்தது. மேசையில் கைசா இருந்தார். நிமிர்ந்து பார்ப்பார், நான் தலையை ஆட்டுவேன், அவரும் ஆட்டுவார். நான் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் கடைசி மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றேன். படியில் காலடி கேட்டது. கைசா. கீழே வந்துவிட்டார். வந்துவிட்டாரே, இனிச் சொல்லப்போகிறார் என்று கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றேன்.

அவர் அடுக்கிய துவாய்களைப் பார்த்தார். மெஷின்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆலஸ் கூட்?" என்றார். எல்லாம் சரிதானே என்று அர்த்தம்.

"ஆலஸ் கூட்" என்றேன்.

அவர் போகவில்லை. நின்றார். ஒரு விரிப்பை விரித்து மடிக்கும் நேரத்துக்கு மேலேயே நின்றிருப்பார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. கடைசியில் தலையை ஆட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

அந்தப் பொறுப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். கெட்டவரல்ல. சான்றிதழ்கள் உள்ளவர், இளைஞர். ஆனால் சலவை அறையை அவர் கணினித் திரையில் பார்த்த அளவுக்கு நேரில் பார்க்கவில்லை. முதலில் விரிப்புகளை வெளிக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். பிறகு துவாய்கள். பிறகு முதியவர்களின் உடுப்புகளும் போயின. எங்கள் அறையைப் பூட்டினார்கள். ஓய்வு பெறக் கொஞ்சக் காலமே இருந்ததால் என்னைத் தாழ்வாரம் துடைக்க விட்டார்கள். பெயர்த்துண்டு ஒட்டிய கம்பளிச் சட்டைகள் வேறு யாருடைய அலுமாரியிலோ போய்ச் சேர, கிழவிகள் என்னைப் பிடித்து "என் நீலச் சட்டை எங்கே?" என்று கேட்பார்கள். நான் துடைப்பத்தோடு நிற்பேன். பவளத்தின் வேலையை முதலில் பாதியாக்கி, பிறகு இல்லாமலே ஆக்கினார்கள். உள்ளே இருந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் அந்த அறையைப் பூட்ட விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்கிறேன். அடித்துச் சொல்லி என்ன பயன்?

கைசா ஒவ்வொரு நத்தாருக்கும் வாழ்த்து அனுப்புவார். நான் ஓய்வு பெற்ற வருடம், "கோடையில் வாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். முன்பென்றால் சம்பிரதாயம் என்று விட்டிருப்பேன். பின்லாந்துக்காரர் ஒருமுறைதான் சொல்வார் என்பது அப்போது எனக்கு மண்டையில் ஏறியிருந்தது. மனிசியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

சிந்துஜா கேட்ட நாட்டு விவரம் இங்கே வருகிறது. விமானத்திலிருந்து பார்த்தால் யாரோ கண்ணாடியை உடைத்துக் காட்டுக்குள் எறிந்தது போல ஏரிகள். பஸ் தரிப்பிடத்தில் ஆளுக்கு ஆள் ஒரு மாடு நிற்கும் இடைவெளி விட்டு நிற்பார்கள். மழை பெய்தாலும் கூரைக்குக் கீழே நெருங்கி வர மாட்டார்கள். வீட்டு வாசலில் எங்களைப் போலவே செருப்பைக் கழற்றுவார்கள், அதில் மனிசிக்குப் பெரிய சந்தோசம். காட்டில் விளையும் புளூபெரியை யாரும் பிடுங்கலாம், அடுத்தவன் காடென்றாலும் கேட்கத் தேவையில்லை. கறுப்புப் பாண் ஒன்று சாப்பிடுவார்கள், என் பல்லுக்கு அது சரிவரவில்லை. வேலியும் கேற்றும் அதிகம் காணவில்லை. கடையில் சாமான் வாங்கினால் சிரிக்க மாட்டார்கள், ஆனால் மிச்சக் காசை விட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே ஓடி வருவார்கள்.

கைசாவின் வீடு ஏரிக்கரையில். சோனா என்ற நீராவி அறை அவர்களுக்குக் குளிக்கும் இடம் மட்டுமல்ல. முன்பெல்லாம் பிள்ளை பெறுவதும் அங்கேதானாம், செத்தவரைக் குளிப்பாட்டுவதும் அங்கேதானாம். பெண்கள் முதலில் போனார்கள். மனிசி உடுப்போடுதான் போவேன் என்று பிடிவாதம் பிடித்து, பிறகு உள்ளே என்ன நடந்ததோ, வெளியே வரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு நான் கைசாவின் அண்ணனோடு போனேன். சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்ற, ஆவி காதைப் பிடித்துத் திருகும். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு இது என்ன சூடு என்று மேல் தட்டில் ஏறி இருந்தேன். அண்ணன்காரன் இறங்கிப் போன பிறகும் இருந்தேன். அவர்கள் எல்லோரும் என்னை மதித்தார்கள்.

சாயந்தரம் கைசாவும் நானும் ஏரிக்குள் நீட்டிக் கட்டிய பலகைத் துறையில் கோப்பியோடு இருந்தோம். நான் இந்த முறை மறுக்காமல் முதல் கேள்விக்கே ஓம் என்றிருந்தேன். சலவை அறையைப் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் கோப்பையைப் பலகையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"நீ ஏன் அந்தப் பொறுப்பை விரும்பவில்லை?"

"நான் விரும்பவில்லை என்று யார் சொன்னது?"

"நீ வரவில்லை."

"நீங்கள் என்னைக் கேட்கவில்லை."

அவர் என் பக்கம் திரும்பினார். "உன்னை நான் எப்படிக் கேட்பது? கேட்டால் நீ ஓம் என்பாய். விருப்பமில்லாவிட்டாலும் ஓம் என்பாய். மகளின் விழாவை விட்டுவிட்டு வந்தவன் நீ. நான் கேட்டால் அது கட்டளை ஆகிவிடும். அதனால்தான் கதவைத் திறந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை கீழேயும் வந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்."

"யாராவது வந்தார்களா?"

"ஒருவரும் வரவில்லை. உன்னுடைய பெயரை நிர்வாகியிடம் முதலே சொல்லியிருந்தேன். நீ வந்தால் போதும் என்றிருந்தது."

அவர் ஆறுதல் சொல்லவில்லை. அவர்கள் ஆறுதல் சொல்வதில்லை. பக்கத்தில் இருந்தார். என்னை அறியாத ஒருவர் என்னைத் தவறவிட்டிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். இவர் என்னை நன்றாக அறிந்திருந்தார். அறிந்தபடியால்தான் கேட்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

திரும்பி வந்து பலரிடம் சொன்னேன். என் பெயரை நிர்வாகியிடமே சொல்லி வைத்திருந்தார்கள் என்ற பகுதியைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பவளத்தைக் கூர் ஸ்டேஷன் பஸ் நிலையத்தில் ஒரு மத்தியானம் கண்டேன். இப்போது அவர் லாண்ட்குவார்ட்டில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறார். காலையில் ஒரு நேரம், பின்னேரம் ஒரு நேரம், இடையில் வீட்டுக்கு வந்து போகிறார். முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். அவரிடமும் முழுக்கதையையும் சொன்னேன்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கிழமை ஒருத்தரும் போகேல்லையாமோ?"

"ஒருத்தரும் போகேல்லையாம். எனக்கெண்டே வைச்சிருந்தவவாம்."

பவளம் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தார். "நான் போகலாமெண்டு இருந்தனான் அண்ணை."

"எங்க?"

"செஃபினிட்டை. வியாழக்கிழமை மேல் படி வரைக்கும் போனனான். உங்களுக்கு வாறதை நான் போய்க் கேட்டா வடிவில்லை எண்டு திரும்பி வந்திட்டன்."

ஜெர்மன் சோதனை பாஸ் பண்ணியவர், மேலிடத்துக்கு எழுதத் தெரிந்தவர், அந்தப் படிப்பை மூச்சு வாங்காமல் முடித்திருக்கக் கூடியவர். என் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"பவளம், அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருக்கா கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது. "அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்கோ, போட்டு வாறன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, நோகிற காலைப் பிறகு வைத்து ஏறினார்.

எத்தனையோ வருடம் ஒரே மேசையில் அவரோடு நின்று மடித்தேன். எல்லாக் கதையும் நான்தான் கதைத்தேன். உனக்கு என்ன விருப்பம் என்று ஒருநாளும் கேட்கவில்லை.